லீவு லெட்டரில் உண்மையான காரணத்தையே எழுதுங்கள்

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 8 வயது. காலநிலை மாற்றத்தைத் தடுக்கச் சொல்லி வரும் வெள்ளிக்கிழமை மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்துப் பேரணி போகிறார்களாம். மகள் போயே தீருவேன் என்கிறாள். பள்ளியில் இதற்கு அனுமதி கிடையாது, வராதவர்களுக்கு ஆப்சென்ட் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர், "படிக்கிற வயசுல படிக்கட்டும். போராட்டமெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் பாத்துக்கலாம். அவ்வளவு அக்கறை இருந்தா ஞாயித்துக்கிழமை நடத்த வேண்டியதுதானே?" என்கிறார். "2030-ல எல்லாம் முடிஞ்சிடும், நான் படிச்சு என்ன ஆகப்போகுதுப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் அறைக்குள் போய்விட்டாள். அக்கா போனால் நானும் போவேன் என்று மகன் ஒரு பக்கம். பேசாமல் வயிற்றுவலி என்று லெட்டர் எழுதிக் கொடுத்து, கணவருக்குச் சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. அவள் சொல்வதில் நியாயம் இருப்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் பள்ளிக்கு மட்டம் போடும் பழக்கம் வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரணி முறையான அனுமதியோடு நடக்கிறது, கூடவே ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் உங்கள் மகள் போகலாம். மகன் இந்த முறை வேண்டாம். வயிற்றுவலி லெட்டர் வேண்டவே வேண்டாம். அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்புவதும் கூடாது.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. "நான் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று அவள் கேட்டாளே, அதுதான். பேரணிக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு நாள் விஷயம். இந்தக் கேள்வி அவளுக்குள் எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியாது. பிள்ளைகள் இப்படிச் சொல்லும்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. "வாயாடாதே" என்று அடக்குகிறோம், இல்லையென்றால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, விஞ்ஞானிகள் பாத்துப்பாங்க" என்று தேற்றுகிறோம். எப்படிச் சொன்னாலும் அவள் காதில் விழுவது, 'இதைப் பற்றி இவர்களிடம் பேசிப் பயனில்லை' என்பதுதான்.

அவளைப் போல நினைக்கிற பிள்ளைகள் ஏராளம். 2021-ல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. காலநிலை மாற்றத்தைப் பற்றி மிகவும் கவலைப்படுவதாக அவர்களில் 59 சதவீதம் பேர் சொன்னார்கள். அந்த உணர்வுகள் தங்கள் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கின்றன என்று 45 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அந்த ஆய்வு தொட்ட வயதைவிட உங்கள் மகள் சிறியவள். என்றாலும், கைப்பேசி வைத்திருக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே செய்திகள்தான் வந்து சேர்கின்றன.

அவளோடு உட்காருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து விசாரணை போல வேண்டாம். துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது என்று வேலையோடு வேலையாகப் பேச்சு வரட்டும். "2030-ல முடிஞ்சிடும்னு சொன்னியே, என்ன முடிஞ்சிடும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் இந்த ஆண்டை உலகம் அழியப்போகிற தேதியாகவே மனதில் வைத்திருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளக்கலாம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த நிலையைவிட வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயராமல் இருக்க வேண்டுமானால், உலகின் கரியமில வாயு வெளியேற்றம் 2010-ல் இருந்த அளவிலிருந்து 2030-க்குள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைய வேண்டும் என்று அது சொன்னது. அது இலக்குக்கான ஆண்டு. அன்று உலகம் முடியும் என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. 1.5 டிகிரி என்பது கால் தவறினால் விழுந்துவிடுகிற கிணற்றின் விளிம்பும் அல்ல. 1.6 ஆனால் பாதிப்பு கூடும், 1.7 ஆனால் இன்னும் கூடும். ஆகவே தடுக்கப்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு டிகிரிக்கும் பலன் உண்டு. நிலைமை மோசம் என்பது உண்மை. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் அந்த 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீண்டகாலச் சராசரி அந்த அளவைத் தாண்டிவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை என்றாலும், நாம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை அது காட்டுகிறது. இதை மறைக்காமல் சொல்லுங்கள். 'செய்ய ஒன்றுமில்லை' என்பது மட்டும் பொய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவள் பதிலை வைத்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். அப்பாவிடம் வாதத்துக்காக அப்படிக் கேட்டிருந்தால், இந்தப் பேச்சில் அவள் சூடாகிவிடுவாள், உங்களோடு மல்லுக்கு நிற்பாள். அது நல்லது. மாறாக, தூக்கம் குறைந்திருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு ஆசையாகச் செய்ததை எல்லாம் விட்டுவிட்டாள், எதைக் கேட்டாலும் "என்ன பிரயோஜனம்" என்கிறாள், இது வாரக்கணக்கில் நீள்கிறது என்றால், பேரணியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் குழந்தைகள் மனநல நிபுணர் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். பலரோடு சேர்ந்து ஏதாவது செய்வது மனதைத் தூக்கி நிறுத்தும், அதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதுவே மருந்தாகிவிடாது.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஏன் நடத்தக் கூடாது? நியாயமான கேள்வி. பள்ளி நாளில்தான் நடக்க வேண்டும் என்பதே இந்தப் போராட்டத்தின் அடிப்படை. 2018 ஆகஸ்ட் 20 அன்று, 15 வயது கிரெட்டா துன்பர்க் ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே 'காலநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம்' என்று எழுதிய அட்டையோடு தனியாக உட்கார்ந்தார். செப்டம்பர் 9-ல் நடந்த தேர்தல் வரை பள்ளி நாள்களில் அதைத் தொடர்ந்தார், அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் என்று மாற்றிக்கொண்டார். மறு ஆண்டு மார்ச் 15 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்தார்கள். வாக்குரிமை இல்லாத பிள்ளைகளிடம் நிறுத்திவைக்க என்ன இருக்கிறது? தொழிலாளி வேலையை நிறுத்துவதைப் போல அவர்கள் வகுப்புக்குப் போவதை நிறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்தால் இந்த அளவுக்குப் பேச்சாகியிருக்குமா என்று அவரே யோசித்துப் பார்க்கட்டும்.

அவரிடம் இன்னொன்றையும் சொல்லலாம். கிரெட்டா பள்ளிக்குப் போகாமல் இப்படிச் செய்வதைத் தாங்கள் ஆதரிக்கவில்லை என்று அவருடைய தந்தையே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். உங்கள் கணவரின் தயக்கம் விநோதமானதோ பிற்போக்கானதோ அல்ல. அக்கறையுள்ள எந்தத் தகப்பனுக்கும் வருவதுதான்.

பள்ளிகளும் அரசுகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் அப்போதைய பிரதமர், பள்ளிகளில் படிப்பு கூட வேண்டும், போராட்டம் குறைய வேண்டும் என்றார். 2019 செப்டம்பர் 20 பேரணிக்கு நியூயார்க் நகரம், பெற்றோர் சம்மதம் இருந்தால் போகலாம், அது விதிமீறலாகாது என்று தன் 11 லட்சம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் சொல்லிவிட்டது. உங்கள் பள்ளி ஆப்சென்ட் போடுவோம் என்கிறது. அதற்காகப் பள்ளியோடு சண்டைக்குப் போகாதீர்கள். வராத பிள்ளைக்கு வரவில்லை என்று குறிப்பது அவர்கள் கடமை. அதைத் தாண்டி அடிப்பது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது, தேர்வு எழுத விடாமல் தடுப்பது என்று போனால் அப்போது நீங்கள் நேரில் போய்ப் பேசியாக வேண்டும். வெறும் ஆப்சென்ட் என்றால் அதை அவள் ஏற்றுக்கொள்ளட்டும். வேலைநிறுத்தம் செய்கிறவர் சம்பளத்தை இழக்கச் சம்மதித்துத்தான் செய்கிறார். வருகைப் பதிவில் ஒரு நாள் போகும் என்று தெரிந்து, "பரவாயில்லை, நான் போகிறேன்" என்று அவள் சொன்னால், அவள் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள் என்பது உங்களுக்கும் புரியும்.

இதனால்தான் வயிற்றுவலி லெட்டர் வேண்டாம் என்கிறேன். அந்த ஒரு வரியால், அவள் வெளிப்படையாகச் செய்ய நினைத்த காரியம் ஒளிந்து செய்கிற காரியமாகிவிடும். பேரணியில் எடுத்த படம் ஒன்று வகுப்பாசிரியர் கண்ணில் பட்டால், பொய் சொன்னவள் என்ற பெயர் அவளுக்கு வரும், எழுதிக் கொடுத்தது நீங்களாக இருந்தாலும். அதைவிட, உண்மைக்காகக் குரல் கொடுக்கப் போகிற நாளில் அம்மாவே பொய் எழுதித் தந்தாள் என்பது அவள் மனதில் நிற்கும். நீங்கள் பயப்படுகிற அந்த மட்டம் போடும் பழக்கம் எதில் தொடங்கும் என்று கேட்டால், பேரணியைவிட இந்த லெட்டரைத்தான் நான் காட்டுவேன்.

லெட்டரை இப்படி எழுதலாம்: "என் மகள் வெள்ளிக்கிழமை நடைபெறும் காலநிலைப் பேரணியில் கலந்துகொள்ள விரும்புகிறாள். பெற்றோராகிய எங்களுக்கு இது தெரியும். பெரியவர் ஒருவரின் துணையோடு செல்கிறாள். விடுபடும் பாடங்களைத் திங்கட்கிழமைக்குள் எழுதி முடிப்பாள். பள்ளி விதிப்படி வருகைப் பதிவில் குறித்துக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை." இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முந்தைய நாளே அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் முன்னால் நிற்க அவளுக்குத் துணிவில்லை என்றால், பேரணிக்குப் போக இன்னும் தயாராகவில்லை என்று அவளே உணரக்கூடும். அப்படி உணர்ந்தால் கேலி செய்யாதீர்கள்.

"தோழிகள் எல்லாரும் போறாங்க" என்பதுதான் காரணமாக இருந்தால்? அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெரியவர்களும் தெரிந்தவர்கள் இருக்கிற கூட்டத்துக்குத்தான் போகிறோம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. பேரணியை நடத்துவது யார், என்ன கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், அதில் எதை அவள் ஒப்புக்கொள்கிறாள், எதை ஒப்புக்கொள்ளவில்லை என்று புதன்கிழமைக்குள் படித்துவிட்டு வந்து உங்கள் இருவருக்கும் சொல்லட்டும். மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியதில்லை. அப்பா குறுக்குக் கேள்வி கேட்கட்டும், அவள் திணறட்டும், மறுபடி தேடிப் படிக்கட்டும். பதாகையில் என்ன எழுதப்போகிறாள் என்பதை அவளே முடிவு செய்யட்டும். உங்களுக்குப் பிடித்த வாசகத்தை அவள் கையில் கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இங்கே கடைசி முடிவு பெற்றோருடையது. பிள்ளைகளைத் தெருவில் இறக்கலாமா என்ற கேள்வி மிகப் பழையது. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் இனப் பாகுபாட்டை எதிர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். அவர்கள் மேல் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அந்தப் போராட்டம் நாட்டின் மனசாட்சியை உலுக்கியது என்பது வரலாறு. பிள்ளைகளை முன்னால் நிறுத்தியது சரியா என்று அந்தப் போராட்டத் தலைவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது என்பதும் வரலாறுதான். காலநிலைப் பேரணிகள் பெரும்பாலும் அமைதியாக நடப்பவை. இருந்தாலும் அனுமதி வாங்கியிருக்கிறார்களா, பாதை எது, எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்துவிடுங்கள். அனுமதி இல்லை, கைது நடக்கலாம் என்றால் 13 வயதுப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அவள் எவ்வளவு அழுதாலும் சரி.

அனுப்புவதென்றால் உங்களில் ஒருவரோ, நீங்கள் நன்றாக அறிந்த பெரியவர் ஒருவரோ கடைசி வரை கூடவே இருக்க வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று முன்கூட்டியே ஓர் இடத்தைச் சொல்லிவையுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிடும், அதனால் உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைக்கட்டும். தண்ணீர், தொப்பி. பள்ளிச் சீருடையும் அடையாள அட்டையும் வேண்டாம். முகமும் பள்ளிப் பெயரும் சேர்ந்து ஒரு படத்தில் வந்துவிட்டால் அந்தப் பிள்ளையை யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடித்துவிட முடியும். சமூக ஊடகங்களில் இப்படிப் பேசுகிற சிறுமிகளைக் குறிவைத்து வருகிற வசைகள் கொடுமையானவை. அவள் தன் படத்தைப் போடுவதா வேண்டாமா என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். தோழிகளின் படத்தைப் போடுமுன் அவர்களைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பேட்டி கேட்டு யாராவது மைக்கை நீட்டினால் "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

மகன் விஷயம் சுலபம். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. அந்தக் கருத்துக்கு வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. கல்வி கற்கும் உரிமையும் அமைதியாகக் கூடும் உரிமையும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கின்றன. எட்டு வயதில் அவன் அக்காவோடு போக ஆசைப்படுகிறான், அவ்வளவுதான். அந்த ஆசைக்காக ஒரு பள்ளி நாளை விட வேண்டியதில்லை. பெரும் கூட்டமும் "அழியப்போகிறோம்" என்கிற முழக்கங்களும் அந்த வயதில் பயத்தைத்தான் விதைக்கும். விடுமுறை நாளில் மரம் நடுவதோ, நீர்நிலையைச் சுத்தம் செய்வதோ இருந்தால் அழைத்துப் போங்கள், களைத்ததும் திரும்பிவிடுங்கள். "அக்காவுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பான். "அவளுக்குப் பதிமூணு வயசு" என்பது போதுமான பதில்.

இப்போது உங்கள் இருவருக்குள் இருக்கிற வேறுபாடு. மகள் முன்னால் அதைத் தீர்க்க முயலாதீர்கள். நல்ல அம்மா, கெட்ட அப்பா என்று அவள் பிரித்துவிட்டால் பேரணி முடிந்த பிறகும் அது வீட்டில் தங்கிவிடும். படிப்பு கெடக் கூடாது என்கிற அவருடைய கவலையை நிபந்தனையாகவே மாற்றுங்கள். விடுபட்ட பாடத்தை எழுதி முடிக்க வேண்டும். அன்று தேர்வோ செய்முறை வகுப்போ இருந்தால் போகக் கூடாது. வாரா வாரம் என்பது கிடையாது. ஒரு பருவத்துக்கு ஒரு நாள் என்பது என் யோசனை. கிரெட்டா வாரந்தோறும் உட்கார்ந்தார், பின்னர் ஓர் ஆண்டு பள்ளியிலிருந்து விலகியும் இருந்தார், 2023-ல் பள்ளிப் படிப்பை முடித்தார். அது அவர் குடும்பம் எடுத்த முடிவு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதை அளவாக வைக்க முடியாது.

"படிச்சு என்ன ஆகப்போகுது?" என்பதற்கு உங்கள் கணவர் மகளிடம் சொல்ல ஓர் உண்மைக் கதை இருக்கிறது. பசிபிக் தீவு நாடுகளைச் சேர்ந்த சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர் 2019-ல் ஓர் யோசனையைக் கிளப்பினார்கள். காலநிலை விஷயத்தில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்க வேண்டும் என்றார்கள். வனுவாட்டு என்கிற சின்னஞ்சிறு தீவு நாடு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று, காலநிலையைப் பாதுகாக்க நாடுகளுக்குச் சட்டப்படி கடமை உண்டு என்று நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. வகுப்பில் படித்த சட்டத்தை வைத்துத்தான் அந்த மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள். இதை அறிவுரை போலச் சொல்லாமல் செய்தியாகச் சொல்லச் சொல்லுங்கள், அவளே மேற்கொண்டு தேடிப் படிப்பாள்.

எல்லாம் பேசிய பிறகும் வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவெடுக்கலாம். அது தவறான முடிவு என்று நான் சொல்லமாட்டேன். அப்படியானால் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். "கூட்டத்துல உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்றால் அவளுக்குக் கோபம் வந்தாலும் புரியும். "உனக்கு என்ன தெரியும்?" என்றால் அத்தோடு உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவாள். போக விடாவிட்டாலும் அந்தக் கோரிக்கைகளை மக்கள் பிரதிநிதிக்குக் கடிதமாக எழுத உதவுங்கள். பள்ளியில் மின்சாரமும் தண்ணீரும் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுக்க நினைத்தால் கூட நில்லுங்கள்.

அடுத்த அழைப்பு எப்படியும் வரும். இந்த முறை விட்டதாலேயே அடுத்த முறையும் அனுமதி உண்டு என்று ஆகாது, அப்போது மூன்று பேரும் புதிதாகப் பேசித்தான் முடிவெடுப்போம் என்பதை இந்த வாரமே அவளிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பாடத்தை யாரிடம் நோட்டு வாங்கி எழுதப்போகிறாள் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.